ஆவுளியாவுக்கு ஐநூறு ரூபாய்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு நண்பரின் பேத்தி கையில் ஒரு அட்டையும் ஒரு கட்டுப் படிவங்களுமாக வந்தாள். பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்கிற பெண்.

"தாத்தா, ஒரு அரை மணி நேரம் வேணும். சர்வே."

ரிட்டயர் ஆனவனிடம் அரை மணி நேரம் கேட்க அனுமதி எதற்கு? உட்காரச் சொன்னேன்.

முதலில் ஒரு படத்தைக் காட்டினாள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, ஆவுளியா. கடல்பசு என்றும் சொல்வார்கள். மீன் அல்ல, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. பெரும்பாலும் கடலடியில் வளரும் புல்லை மேய்ந்து வாழ்கிறது. பாக் விரிகுடாவில், நம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரத்தில், அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022 செப்டம்பரில் இதற்கான பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. இந்தியா முழுவதிலும் சுமார் 240 ஆவுளியாக்கள்தான் மிச்சம் என்று அப்போது சொன்னார்கள். பெண் ஆவுளியா ஒரு ஈற்றில் ஒரு குட்டிதான் போடும். வயிற்றில் சுமப்பது பதின்மூன்று, பதினான்கு மாதம். அடுத்த குட்டிக்கு மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை ஆகும். ஒன்று வலையில் சிக்கிச் செத்தால் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட எத்தனை வருஷம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் படித்துக் காட்டிவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "இதைப் பாதுகாக்கிற திட்டத்துக்காக உங்க குடும்பம் வருஷத்துக்கு 500 ரூபாய் கூடுதலா குடுக்கணும்னா சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

"1,000 ரூபாய்னா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். வருமானம், வயது, படிப்பு எல்லாம் கேட்டாள். காபி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்து, "ஏங்க, அந்த ஐநூறை இப்பவே அந்தப் பொண்ணு கையில குடுத்திருக்கலாமே?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல என்பது பிறகு அந்தப் பெண் கொடுத்த புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. உலகத்தின் பெரிய பொருளாதார மேதைகள் இதே கேள்வியை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

சண்டை பெரிதானது ஒரு கப்பல் விபத்தினால். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்கா கடற்கரையில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. லட்சக்கணக்கில் கடற்பறவைகளும் ஆயிரக்கணக்கில் கடல்நீர் நாய்களும் செத்தன. மீனவர்களின் நஷ்டத்தைக் கணக்கிடலாம். சுற்றுலா நஷ்டத்தைக் கணக்கிடலாம். யாருக்கும் சொந்தமில்லாத, சந்தையில் விற்காத ஒரு பறவை செத்ததற்கு என்ன பில் போடுவது?

அலாஸ்கா மாநில அரசு ஒரு சர்வே நடத்தியது. நாடு முழுவதிலும் உள்ள குடும்பங்களிடம் போய், இன்னொரு விபத்து வராமல் தடுக்க எண்ணெய்க் கப்பல்களுக்குத் துணைக் கப்பல்கள் அனுப்பும் திட்டத்துக்கு ஒரு தடவை மட்டும் வரி கொடுப்பீர்களா, எவ்வளவு என்று கேட்டார்கள். நடுவாந்திரக் குடும்பம் ஒத்துக்கொண்ட தொகை 31 டாலர். அதை நாட்டிலுள்ள ஒன்பது கோடிச் சொச்சம் குடும்பங்களால் பெருக்கினால் 280 கோடி டாலர் வந்தது. கடைசியில் சிவில் வழக்கில் கம்பெனி 90 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமாதானம் ஆயிற்று.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? அந்த எண்ணெய்க் கம்பெனியின் செலவில் வேறு சில பொருளாதார நிபுணர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். எண்ணெய்க் கழிவுக் குட்டைகளில் விழுந்து சாகும் பறவைகளைக் காப்பாற்ற எவ்வளவு தருவீர்கள் என்று மூன்று தனித்தனிக் கூட்டத்தாரைக் கேட்டார்கள். ஒரு கூட்டத்திடம் 2,000 பறவை என்றார்கள். அடுத்ததிடம் 20,000. மூன்றாவதிடம் 2 லட்சம். சராசரியாக வந்த பதில் 80 டாலர், 78 டாலர், 88 டாலர். பறவை நூறு மடங்கு கூடியும் தொகை அசையவில்லை. ஆக, ஜனங்கள் பறவைக்கு விலை சொல்லவில்லை, தங்கள் மனத்திருப்திக்குத்தான் விலை சொல்கிறார்கள் என்று வாதாடினார்கள்.

முப்பத்தாறு வருஷம் பேங்கில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கடன் கேட்டு வந்தவரிடம் கேட்டால் அவர் சொல்லும் தொகைக்கும் கட்டும் தொகைக்கும் எப்போதும் இடைவெளி உண்டு. பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. கேட்கிற நேரத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதன் நல்லவனாகத்தான் இருக்கிறான். நானும் திண்ணையில் ஐநூறு சொன்னபோது நல்லவனாகத்தான் இருந்தேன்.

அதனால் இந்த சர்வே எல்லாம் வெட்டி வேலை என்று சொல்ல வருகிறேனா? இல்லை. நம் நண்பர்கள் சிலர், "உயிருக்கு விலை போடுவதா, பாவம்" என்பார்கள். அவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. விலை போடாத பொருளுக்கு, எந்த அலுவலகப் பேரேட்டிலும் பூஜ்யம் என்றுதான் எழுதுவார்கள். அது அதைவிடப் பெரிய பாவம். காட்டு நிலத்தை அணைக்கோ சுரங்கத்துக்கோ எடுத்தால் இவ்வளவு கட்டியாக வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை நிர்ணயித்தது. தொகை போதுமா என்பது வேறு விவகாரம். ஆனால் அந்தக் காலம் பூர்த்தியாகாமல் கோப்பு நகராது என்ற நிலை வந்ததே, அது லேசுப்பட்டதல்ல.

அலாஸ்கா சண்டைக்குப் பிறகு அமெரிக்க அரசு கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற இரண்டு நோபல் பரிசுக்காரர்கள் தலைமையில் ஒரு குழு போட்டது. கவனமாக, நேரில் போய், குடும்பத்தின் கைச்செலவை ஞாபகப்படுத்தி, ஓட்டுக் கேட்பதுபோல ஆமாம், இல்லை என்று பதில் வாங்கினால், அந்த எண்ணை வைத்துக் கோர்ட்டில் பேச்சைத் தொடங்கலாம் என்று 1993-ல் அவர்கள் சொன்னார்கள். அதுதான் முடிவான எண் என்று சொல்லவில்லை. எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

ஜனங்களுக்குப் பிடித்ததற்கே காசு வரும் என்பது இன்னொரு சங்கடம். புலிக்கும் யானைக்கும் கையெழுத்துப் போடுவோம். பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகுக்கு? 1990-ல் யாராவது படிவத்தோடு என்னிடம் வந்து கழுகுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகின் வயிற்றுக்குள் போய், நாடு முழுவதும் 95 சதவீதத்துக்கு மேல் கழுகுகள் அழிந்தன. 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. பிணங்களைத் தின்ன ஆளில்லாமல் தண்ணீர் கெட்டு, வெறிநாய் பெருகி, 2000 முதல் 2005 வரை ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2024-ல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். யாரும் பத்து ரூபாய் தரச் சம்மதித்திருக்காத பறவை அது. சர்வேயில் வரும் எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இதெல்லாம் புத்தகத்தில் படித்தது. என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். கரையோர மீனவக் கிராமங்களிலும் சர்வே எடுத்துவிட்டு வந்திருந்தாள். முகம் வாடியிருந்தது.

"நிறைய பேர் பூஜ்யம்னு சொல்லிட்டாங்க தாத்தா."

"ஏம்மா?"

"ஏற்கெனவே வலையை அறுத்து விட்டுட்டுத்தான் இருக்கோம், இதுக்கு மேல காசும் நாங்களே குடுக்கணுமான்னு கேக்கறாங்க. சில பேர் கோபமா எழுந்து போயிட்டாங்க."

அந்தப் படிவங்களை என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காசில்லாததால் பூஜ்யம் சொல்வது ஒரு வகையாம். 'நான் ஏன் கொடுக்க வேண்டும்' என்று பூஜ்யம் சொல்வது வேறு வகையாம். அதற்கு எதிர்ப்புப் பூஜ்யம் என்று பெயர். இரண்டாவது வகையை வழக்கமாகக் கணக்கிலிருந்து தள்ளி வைத்துவிட்டுத்தான் சராசரி எடுப்பார்களாம். அவளுடைய தப்பு இல்லை, முறையே அப்படி.

ஆக, ஆவுளியாவைப் படத்தில் பார்த்துவிட்டு, காபி குடித்துக்கொண்டு, கொடுக்கப்போகாத ஐநூறைச் சொன்ன என் பதில் கணக்கில் சேர்ந்தது. நிஜமாகவே வலையை இழந்தவருடைய பதில் தனிக்கட்டாகப் போயிற்று.

அன்று ராத்திரி எனக்கு 2009 ஞாபகம் வந்தது. சேதுபாவாசத்திரம் பக்கம் ஒரு கடலோரக் கிளையில் நான் மேனேஜர். நாட்டுப்படகுக்கும் வலைக்கும் கடன் கொடுத்திருந்தோம். இரண்டு தவணை பாக்கி வைத்திருந்த ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், வலை போயிடுச்சு. ரெண்டு மாசம் டயம் குடுங்க."

எப்படிப் போயிற்று என்று கேட்டேன். ஆவுளியா மாட்டிக்கொண்டது, மூச்சு விட மேலே வர முடியாமல் துடித்தது, அறுத்து விட்டுவிட்டோம் என்றார். முந்திய வருஷம்தான் அதிகாரிகள் ஊரில் கூட்டம் போட்டு, அது புலி, யானையோடு சேர்த்து சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் ஜெயில் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்களாம். "ஜெயிலுக்குப் பயந்து இல்ல சார். கூட குட்டி இருந்துச்சு" என்றார்.

நான் நம்பவில்லை. தவணை கட்டாததற்கு எத்தனையோ கதை கேட்டவன் நான். செத்துப்போன பாட்டி மூன்று தடவை செத்த கதையெல்லாம் உண்டு. நம்பினாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. புயலில் வலை போனால் அவகாசம் கொடுக்க வழி உண்டு. திருட்டுப் போனால் போலீஸ் ரசீது கேட்போம். தானாக அறுத்த வலைக்குப் படிவத்தில் இடம் கிடையாது. 'சரியாகப் பராமரிக்காததால் சேதம்' என்று எழுதினேன். அபராத வட்டி போட்டேன். அவர் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டு போனார். எங்கிருந்து புரட்டினாரோ, ஆறு மாதத்தில் வட்டியோடு கட்டிவிட்டார்.

அவர் சொன்னது நிஜம் என்று வேறொரு படகுக்காரர் வாயிலாக எனக்குத் தெரிந்தபோது, மாற்றல் உத்தரவு வந்து நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புது வலை அன்று பன்னிரண்டாயிரம் ரூபாய். வலை இல்லாமல் போன நாட்களின் வருமானம் தனி, என் அபராத வட்டி தனி.

இப்போது வலையை அறுத்து ஆவுளியாவை விடுகிற மீனவர்களுக்கு வனத்துறை பரிசும் பாராட்டும் கொடுக்கிறது. பேப்பரில் படம் போடுகிறார்கள். சந்தோஷம். ஆனால் பரிசு என்பது நாம் கொடுப்பது. அவர் கொடுத்தது எவ்வளவு என்பது இன்னும் எந்தக் கணக்கிலும் இல்லை.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று நீங்கள் எல்லோருமே படித்திருப்பீர்கள். வருஷா வருஷம் வனத்துறை அந்த ஊருக்கு இனிப்பு கொடுக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு சுவாரசியமான செய்தி. எட்டு வயதுப் பையன் தீபாவளிக்கு ஒரு ஓலைவெடி கூடப் போடாமல் இருப்பது என்ன விலை என்று பேரன் பேத்தி எடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஊரே தலைமுறையாக அதைக் கொடுத்துவருகிறது. அங்கே போய், 'பறவைக்கு வருஷம் 500 தருவீர்களா' என்று கேட்டால் அவர்களும் பூஜ்யம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

என் அபிப்பிராயம் இதுதான். எவ்வளவு தருவீர்கள் என்று ஊரெல்லாம் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால், இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். காசாக வேண்டாம். எத்தனை வலை, எத்தனை நாள் தொழில், எத்தனை தீபாவளி என்று கேளுங்கள். தினக்கூலிக்காரர் இருபது ரூபாய் என்று சொன்னால் அது என் ஐநூறை விடப் பெரிது என்பதையும் எங்காவது எழுதுங்கள். பணத்தால் மட்டும் அளந்தால், பணம் இருப்பவனின் ஆசைதான் பெரிதாகத் தெரியும். 'தருவீர்களா' என்று கேட்பதற்கும் 'இதை இழக்க வேண்டுமானால் எவ்வளவு கேட்பீர்கள்' என்று கேட்பதற்கும் பதில் பல மடங்கு வித்தியாசப்படும் என்று அதே புத்தகங்களில் இருக்கிறது. நகரத்தில் இருப்பவனிடம் முதல் கேள்வி போதும். கடலுக்குப் போகிறவரிடம் இரண்டாவதைக் கேட்பதுதான் மரியாதை.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். என் பழைய கதையையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கைடுகிட்ட கேட்டுப் பாக்கறேன் தாத்தா, ஒரு பக்கம் சேத்துக்கலாமான்னு" என்றாள். அவர் சம்மதித்துவிட்டாராம். தள்ளி வைத்த படிவங்களோடு அந்தக் கிராமங்களுக்கு மறுபடி போகப்போகிறாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போகிறேன். காலை ஆறு மணி பஸ். மனைவி ஐநூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் வைத்திருக்கிறாள், எதற்கு என்று சொல்லவில்லை. அந்த மனிதரின் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்னும் கடலுக்குப் போகிறாரா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.